எலியின் அளவைத் தீர்மானிப்பது குளிரா, உணவா?

கேள்வி: ஒரே இனத்தைச் சேர்ந்த எலிகள் குளிர்ப் பகுதிகளில் பெரியவையாகவும் வெப்பப் பகுதிகளில் சிறியவையாகவும் இருக்கும் என்று படித்தேன். உடல் பெருத்தால் வெப்பம் வீணாகாது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவு சிறிய விலங்குகளுக்கும் அந்த விளக்கம் பொருந்துமா?

பதில்: நீங்கள் குறிப்பிடுவது பெர்க்மன் விதி. ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்க்மன் 1847-இல் இதை வெளியிட்டபோது, நெருங்கிய உறவுள்ள வெவ்வேறு இனங்களை ஒப்பிட்டே முதன்மையாகப் பேசினார். ஒரே இனத்துக்குள் இடத்துக்கு இடம் காணப்படும் வேறுபாட்டுக்கு அதை விரித்துப் பொருத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள். பாலூட்டிகளில் 110 இனங்களைத் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 78 இனங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பெரிதாகும் போக்கைக் காட்டின. ஆகவே போக்கு உண்மையானதுதான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் வெப்ப விளக்கம் எலி அளவுள்ள விலங்குகளிடம் வலுவிழக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது விளங்கும். உடலின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கானால் தோலின் பரப்பு 4 மடங்கும் கனஅளவு 8 மடங்கும் ஆவதால், பெரிய விலங்கு தன் எடைக்கேற்பக் குறைவான வெப்பத்தையே இழக்கிறது. இதில் பிழையில்லை. ஆனால் 20 கிராம் எடையுள்ள எலி 25 கிராமாகப் பெருத்தால், ஒரு கிராம் உடலுக்கு உரிய தோல்பரப்பு ஏறத்தாழ 7 சதவீதமே குறைகிறது. அதற்கு ஈடாக அந்த எலி நாள்தோறும் முன்னைவிட அதிகமாகத் தின்றாக வேண்டும். அடர்ந்த மயிரும் ஆழமான வளையும் உலர்ந்த புல்லால் அமைத்த கூடும் இதைவிட மலிவான பாதுகாப்பைத் தரும் என்பதால், குளிரைச் சமாளிப்பதற்காகவே எலி பெருக்கிறது என்பது அரைகுறையான பதிலாகிவிடுகிறது.

மூஞ்சூறுகள் இதைத் தலைகீழாகவே காட்டுகின்றன. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் வாழும் சோரெக்ஸ் மூஞ்சூறுகளில் பல இனங்கள் வடக்கே செல்லச் செல்லச் சிறுக்கின்றன. ஓயாமல் இரை தேடும் அந்த உயிர்களுக்கு, பூச்சிகள் அருகிப்போகும் நீண்ட குளிர்காலத்தில், குறைவாகத் தின்று பிழைக்கும் சிறிய உடல் நன்மையாக இருக்கக்கூடும். உணவின் பங்கை இன்னும் தெளிவாகக் காட்டுவது கலிஃபோர்னியாவின் கோஃபர் என்னும் வளைவாழ் கொறிணி. குதிரைமசால் வயல்களில் வாழும் கோஃபர்கள், அருகிலுள்ள இயற்கைப் புதர்நிலங்களில் வாழும் அதே இனத்தவற்றைவிடக் கணிசமாகப் பெரியவை. இரண்டுக்கும் ஒரே வானிலைதான். மாறியது தீனி மட்டுமே.

தீவுகளின் கதை வேறு. ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவிலுள்ள வயல் எலி, பிரிட்டனின் முதன்மை நிலப்பகுதியில் வாழும் தன் இனத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு எடையுள்ளது. தென் அட்லாண்டிக்கின் கோஃப் தீவுக்குக் கப்பல்களில் போய்ச் சேர்ந்த வீட்டுச் சுண்டெலிகளும் அப்படியே பெருத்து, கடற்பறவைகளின் குஞ்சுகளையே தாக்கித் தின்னும் நிலைக்கு வந்துவிட்டன. வேட்டையாடும் விலங்குகளும் போட்டியிடும் பிற இனங்களும் இல்லாத இடத்தில் சிறியதாக இருந்து ஒளிய வேண்டிய தேவை தளர்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இவ்வளவுக்குப் பின்னும் வெப்பநிலையை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. வட அமெரிக்காவின் மேற்கே பாறை இடுக்குகளில் குச்சிகளையும் கூளத்தையும் குவித்து வாழும் ஒருவகை எலியின் பழைய குவியல்களில் புழுக்கைகள் கெடாமல் கிடக்கின்றன. புழுக்கையின் அளவைக் கொண்டு எலியின் அளவைக் கணித்து 1995-இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், கடந்த 25,000 ஆண்டுகளில் குளிர்ந்த காலங்களில் அந்த இனம் பெருத்ததையும் வெப்பக் காலங்களில் சிறுத்ததையும் காட்டினார்கள்.

கேள்வி: இந்த வேறுபாடு பிறவியிலேயே வருவதா, வளரும் இடத்தால் வருவதா?

பதில்: இனத்துக்கு இனம் விடை மாறும். வீட்டுச் சுண்டெலியில் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டுள்ளது. நியூயார்க்கிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் பிடித்த எலிகளின் வழித்தோன்றல்களை ஆய்வகத்தில் குளிரிலும் வெப்பத்திலும் வளர்த்தபோது, இரண்டு சூழலிலும் நியூயார்க் எலிகளே பெரியவையாக இருந்தன. எனவே உடல் அளவு பெரிதும் மரபுவழிப்பட்டது. வாலும் காதும் அப்படியல்ல. குளிரில் வளர்ந்தவற்றுக்கு அவை குட்டையாயின. ஐரோப்பியக் குடியேற்றத்தோடுதான் இந்த எலி அமெரிக்கக் கண்டங்களுக்கு வந்தது என்பதை எண்ணினால், சில நூற்றாண்டுகளிலேயே இவ்வளவு மாற்றம் நிகழ்ந்திருப்பது வியப்புக்குரியது.

கேள்வி: இரண்டு இடங்களின் எலிகளை நிறுத்து ஒப்பிட்டால் போதுமா?

பதில்: போதாது. வயிற்றிலுள்ள தீனி, சினை, உடற்கொழுப்பு ஆகியவற்றால் எடை மாறும் என்பதால், மண்டையோட்டின் நீளத்தையும் பின்பாதத்தின் நீளத்தையும் அளப்பதே வழக்கம். ஆணோடு ஆணையும், முதிர்ந்ததோடு முதிர்ந்ததையும் ஒப்பிட வேண்டும். மூஞ்சூறானால் மண்டையோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சாதாரண மூஞ்சூறின் மண்டையோடு குளிர்காலத்தில் சுருங்கி, வசந்தத்தில் மீண்டும் ஓரளவு விரிகிறது. ஆகவே ஓரிடத்தில் கோடையிலும் இன்னோரிடத்தில் குளிர்காலத்திலும் பிடித்தவற்றை ஒப்பிட்டால், பருவத்தின் வேறுபாட்டை இடத்தின் வேறுபாடாக எண்ணிவிடுவோம்.