பேராக்ல இருக்கிற சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்லேர்ந்து கம்மி காசுல பினாங்கு புத்தர் கோயிலெல்லாம் சுத்திப் பாக்க முடியுமா?

தாராளமா முடியும். போன ஸ்கூல் லீவுல எங்கம்மாவ கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வந்தேன், ஒரு ராத்திரி தங்குனதோட சேத்து ரெண்டு பேருக்கும் 200 வெள்ளி (ரிங்கிட்) தாண்டல. நானும் சுங்கை சிப்புட்தான். அம்மா முப்பது வருஷம் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரத்தக் கீறிப் பால் எடுத்தவங்க, சீனர் கோயில்னா ரோட்டோரத்துல ஊதுபத்தி கொளுத்தி வச்சிருக்கிற சின்ன மாடம்தான் அவங்களுக்குத் தெரியும், அங்க போய் நான் யாரக் கும்புடுறதுன்னு கிளம்புறவரைக்கும் ஒரே பொலம்பல்.

கார் எடுக்காதீங்க, தீவுல பார்க்கிங் தேடியே பாதி நாள் போயிரும். கொம்யூட்டர் ரயில் நம்ம ஸ்டேஷன்லயே நிக்குது, நேரா பட்டர்வொர்த், அங்கேர்ந்து நடந்தே தீவுக்குப் போற பெரி கப்பலுக்குப் போயிரலாம். பெரி டிக்கெட் ரெண்டு வெள்ளிதான். அந்தப் பக்கம் படகுத்துறையில எறங்குனா 204 பஸ் ஆயர் ஈத்தாம் போகும், சில்லறையா வச்சுக்குங்க, பஸ்ல மீதி தர மாட்டாங்க.

ஆயர் ஈத்தாம்லதான் கெக் லோக் சி. 1890கள்ல கட்ட ஆரம்பிச்ச கோயில், மலைச்சரிவு பூரா அடுக்கடுக்கா ஏறிக்கிட்டே போகும். ஏழு நெல கோபுரம் ஒன்னு இருக்கு, 1930ல முடிச்சது, அத மட்டும் நிதானமா நின்னு பாருங்க, அடி சீனர் பாணி, நடு சயாம் (தாய்லாந்து) பாணி, உச்சி பர்மா பாணி. உள்ள போக காசு இல்ல, ஆனா ஏறுற படி ரெண்டு பக்கமும் கடைங்க, காசு கரையிறது அங்கதான். ஆமைக் குளத்துக்கிட்ட கங்கோங் கீரைக் கட்டு விப்பாங்க, அம்மா மூனு கட்டு வாங்கி ஆமைக்கே போட்டுட்டாங்க, வீட்ல நமக்கு ஒரு கட்டுக்கு மேல சமைச்சதில்ல. மேல குவான் யின்னு சீனர் கும்புடுற கருணைத் தெய்வத்தோட வெண்கலச் சிலை 30 மீட்டருக்கு மேல ஒசரம், முட்டி வலின்னு அம்மாவ லிப்ட்ல கூட்டிக்கிட்டுப் போனேன் (அதுக்குத் தனி டிக்கெட்). அண்ணாந்து பாத்துட்டு, இது நம்ம அம்மன்தாண்டான்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க, அதோட பொலம்பல் நின்னுச்சு. சீனப் பெருநாள் சமயம் போனா ராத்திரில கோயில் பூரா விளக்கு போட்டிருப்பாங்க, அழகுதான், ஆனா கூட்டத்துல வயசானவங்க பாடு திண்டாட்டம்.

மறுநாள் பூலாவ் தீக்குஸ்ல சயாம் கோயில், வாட் சாயாமங்கலாராம், படுத்த புத்தர் 33 மீட்டர் நீளம். செருப்ப வெளிய கழட்டிட்டுத்தான் போகணும். அந்தச் சிலைக்குப் பின்னாடி வரிசையா மாடங்கள்ல எறந்தவங்க சாம்பல் வச்சிருக்காங்க. எனக்கும் அங்க போய்த்தான் தெரிஞ்சது. அம்மா வெளிய வந்ததும் கேட்ட மொத கேள்வி, இப்ப தலைக்குக் குளிக்க எங்கடா போறது? ரோட்டுக்கு எதிர்லயே பர்மா கோயில், 1803லேர்ந்து இருக்கு, நெழலா அமைதியா இருக்கும், அங்க கொஞ்ச நேரம் உக்கார வச்சு சமாதானப்படுத்துனேன்.

தங்குனது லெபோ சூலியா பக்கம் ஒரு பொம்பளைங்க டோர்ம்ல அம்மா, ஆம்பளைங்க ரூம்ல நான். அடுக்குக் கட்டில், ஒரே பாத்ரூம், பக்கத்து ஆள் கொறட்டை. பழைய லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருந்த மாதிரியே இருக்குன்னாங்க அம்மா, அத நல்லதா சொன்னாங்களா கெட்டதா சொன்னாங்களான்னு இன்னும் புரியல.

ஜார்ஜ்டவுன்ல தெரு சுத்த காலைல ஏழு மணிக்கே எறங்கிருங்க, பதினொன்னுக்கு மேல வெயில் மண்டையப் பொளந்துரும். ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் பக்கம் குவான் யின் கோயில், பள்ளிவாசல், தள்ளி லெபோ குயின்ல நம்ம மகாமாரியம்மன் (1833), எல்லாம் நடக்குற தூரம்தான். லெபோ ஆர்மேனியன் சுவர் ஓவியத்துல போட்டோ எடுக்க வரிசை நிக்கிறதெல்லாம் என்னக் கேட்டா வேஸ்ட். ட்ரைஷா (சைக்கிள் ரிக்ஷா) ஏறுறதுக்கு முன்னாடியே வெல பேசிருங்க.

செலவுல 45 வெள்ளி லெபோ பாசார்ல அம்மா வாங்குன பித்தள விளக்கு. அதே விளக்கு எங்க ஊர்க் கடையிலயும் தொங்குது, நான் வாயே தெறக்கல.