வேற ஏதாவது இருக்கா?

அன்புள்ள ஐயா,

சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். மேனேஜர் புனேயில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வியாழக்கிழமை அரை மணி நேரம் ‘ஒன் ஆன் ஒன்’, அதாவது நாங்கள் இருவர் மட்டும் பேசுவோம். முந்தின நாளே வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். செய்த வேலைகளை ஒப்பிப்பேன், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். “வேற ஏதாவது இருக்கா?” என்பார். “ஒன்றுமில்லை” என்று சொல்லி வைத்துவிடுவேன். ஏழு மாதமாக, மென்பொருளின் புதுப் பதிப்பை இரவில் வெளியிடும் ‘ரிலீஸ்’ வேலை முழுவதும் என் தலையில்தான். அதெல்லாம் அவருக்கே தெரிய வேண்டாமா? இந்தப் பேச்சுக்கு எப்படித் தயாராவது? என் ஆங்கிலமும் சுமார்தான். கேமராவை ஆன் செய்துதான் பேச வேண்டுமா? சம்பள உயர்வை இதில் கேட்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

கேமரா உங்கள் விருப்பம். நான்கு வருடமாக வேலையை ஓட்டிவரும் ஆங்கிலம் இந்த அரை மணி நேரத்துக்கும் போதும். சம்பள உயர்வை அப்ரைசலுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பேசத் தொடங்குங்கள், இப்போதைக்கு அது இருக்கட்டும்.

ஏழு மாத இரவு வேலையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, “அவருக்கே தெரிய வேண்டாமா?” என்று தாண்டிப் போயிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். படித்ததும் கோபம் வந்தது. இதே கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு நான் இரண்டு வருடத்தைத் தொலைத்திருக்கிறேன்.

போன மாதம் பீளமேட்டில் என் நண்பனின் பணி ஓய்வு விழாவுக்குப் போயிருந்தேன். முப்பது வருடத்துக்கும் மேல் ஒரே கம்பெனி, ஒரே டெஸ்பாட்ச் பிரிவு. மாலையும் கழுத்துமாக அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது என்ற நினைப்பை அடக்க முடியவில்லை. அவன்மேல் பொறாமை இல்லை. அவன் பேரைச் சொன்னதே நான்தான்.

அது பம்ப் செய்யும் கம்பெனி. நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். வார்த்தெடுத்த காஸ்டிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் இடம் பக்கத்திலேயே. நாள் முழுக்கத் தூசி. மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகிவிடும், ராத்திரி இருமல் தூங்க விடாது. டெஸ்பாட்சுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சனிக்கிழமை மாலைகளில் மேலாளர் என்னை உட்காரவைத்து, டீ சொல்லி, இருப்புக் கணக்குக் கேட்பார். கடைசியில், “அப்புறம், வேற என்னப்பா?” என்பார். “ஒண்ணுமில்லைங்க சார்” என்பேன். சீட்டு சட்டையோடு தண்ணீரில் ஊறிப் பஞ்சு உருண்டையாகிவிடும். மறுபடி எழுதுவேன். ஒரு சனிக்கிழமை அவரே, “டெஸ்பாட்ச்ல ஆள் வேணும், உனக்குத் தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லு” என்றார். நாக்கு நுனி வரை வந்தது. நண்பன் பேரைச் சொன்னேன்.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் வேலையை விட்டேன். அப்போதுதான் காரணத்தைச் சொன்னேன். “ஸ்டோர்ஸ்தான் உனக்குப் பிடிச்ச இடம்னு நினைச்சுட்டு இருந்தேனேப்பா” என்றார். அவர் நடிக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு குறையும் சொல்லாமல் கணக்கைச் சரியாக வைத்திருந்தவனைப் பற்றி வேறு என்ன நினைப்பார்?

உங்கள் மேனேஜரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார். புனேயில் இருப்பவருக்குத் தெரிவது ரிலீஸ் தகராறில்லாமல் முடிகிறது என்பது மட்டும். நீங்கள் தூங்காதது எந்த டேஷ்போர்டிலும் வராது. முகம் வாடினால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்ற பழக்கத்திலேயே வளர்ந்துவிட்டோம். அதே பழக்கத்தோடு ஆபீசுக்கும் போய், கண்டுபிடிக்காதவர்மேல் மனத்தாங்கல் படுகிறோம். அவர் உங்கள் அம்மா இல்லை, ம. வாயைத் திறந்து சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் இன்டெல் கம்பெனியை நடத்திய ஆண்டி குரோவ், ஹங்கேரியிலிருந்து இருபது வயதில் அகதியாக அமெரிக்கா போனவர். 1983-ல் வெளியான, நிர்வாகம் பற்றிய தன் புத்தகத்தில் இந்தச் சந்திப்பைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். இது கீழே வேலை பார்ப்பவரின் சந்திப்பு, எதைப் பேசுவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார். சிக்கலான விஷயத்தை எடுக்கத் தைரியம் வர வேண்டுமானால் குறைந்தது ஒரு மணி நேரமாவது வேண்டும் என்கிறார். மனசை உறுத்துவது பெரும்பாலும் எழுந்து போகும் நேரத்தில்தான் வெளியே வரும் என்றும் எச்சரிக்கிறார். உங்களுக்கு இருப்பதே அரை மணி. வேலைகளைப் பதிந்து வைக்கும் ஜிரா மென்பொருளில் ஏற்கெனவே இருப்பதை ஒப்பித்துப் பத்து நிமிடத்தைத் தீர்க்கிறீர்கள், மிச்ச இருபதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். இது யார் தப்பு?

எப்படித் தயாராவது என்று கேட்டீர்கள். காலண்டரை எடுத்து வைத்து எண்ணுங்கள். ஏழு மாதத்தில் எத்தனை ரிலீஸ், எத்தனை ராத்திரி, அதில் எத்தனை தடவை மறுநாள் காலை மீட்டிங்குக்கும் வந்து உட்கார்ந்தீர்கள். “ரொம்பக் கஷ்டமா இருக்கு” என்றால் ஆறுதல் சொல்வார். எண்ணிக்கையைச் சொன்னால் ஏதாவது செய்தாக வேண்டியிருக்கும். அப்புறம், என்ன வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். டீமில் நாலு பேர் முறை வைத்துப் பார்ப்பதா, ரிலீசுக்கு மறுநாள் லீவா, வேறு வேலையா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை இரண்டே வரியில் எழுதி, “நாளைக்கு முதலில் இதைப் பேச வேண்டும்” என்று அவருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பிறகு “ஒன்றுமில்லை” என்று சொல்ல வழி இருக்காது. அவர் இப்போது முடியாது என்றால், எப்போது முடியும் என்று தேதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பை அந்தத் தேதியிலிருந்து தொடங்குங்கள்.

புதன்கிழமை சாயங்காலமே அனுப்பிவிடுங்கள். ராத்திரி வரை வைத்திருந்தால் அழித்துவிடுவீர்கள்.