புல்வெளியில் தூங்கிய பையன்

கேள்வி: ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் வரலாறுதான் படிப்பேன் என்று என் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஒரு நாள் நேரில் போய்ச் சுற்றிப் பார்த்தேன். காலை பதினொரு மணி, கலைத்துறைக் கட்டடத்துக்கு எதிரே புல்வெளியில் ஒரு பையன் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறான். கலைத்துறை என்றால் சோம்பேறிகள், பொறியியல் என்றால் மனிதரோடு பேசத் தெரியாதவர்கள், விடுதி என்றால் குடி, அத்தனை ஆயிரம் பேரில் நம் பிள்ளை வெறும் எண் என்று எல்லோரும் சொல்வது சும்மாவா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லையா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பழமொழியிலேயே ஆரம்பிப்போம். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையை இறக்குவது சரியான கணக்குதான். ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, ஒரே நேரம். பல்லாயிரம் பேர் படிக்கும் இடத்தில் இந்த நான்கில் எது பொருந்துகிறது? அந்தப் பழமொழி பானைக்குச் சொன்னது. பந்திக்கு வந்தவர்களுக்குச் சொன்னதல்ல.

அப்புறம் அந்தப் பதினொரு மணி. வகுப்பில், நூலகத்தில், சோதனைக்கூடத்தில் இருப்பவர்கள் அந்த நேரத்தில் உங்கள் கண்ணில் எப்படிப் படுவார்கள்? சும்மா இருப்பவர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்த் தலையெண்ணிவிட்டு, எல்லோரும் சும்மா இருக்கிறார்கள் என்கிறீர்கள். அவன் கலைத்துறைப் பையன் என்பதாவது நிச்சயமா? எதிரே கட்டடம் இருந்தது, அவ்வளவுதானே?

நான் விடுதியில் இருந்தபோது என் அறையில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவன் ஒருவன் இருந்தான். மதியம் வரை போர்வைக்குள்ளேயே கிடப்பான். விடுதி அவனுக்கு வைத்த பெயர் கும்பகர்ணன். அவனுக்கு வேண்டிய கருவி துறையில் ஒன்றே ஒன்று. பகல் நேரத்தையெல்லாம் மூத்தவர்கள் பதிவு செய்துகொள்ள, இவனுக்கு மிஞ்சியது இரவு ஒன்று முதல் ஐந்து வரை. விடியும் நேரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வருவான். நான் விழித்துவிடக் கூடாதாம். அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். கும்பகர்ணன் என்று கூப்பிட்டவர்களோ விடுதி முழுக்க.

வரலாறு படிப்பவர்கள் சங்கதியும் ஏறக்குறைய இதுதான். சோதனைக்கூடம் உள்ள பாடங்களில் உழைப்பு கால அட்டவணையிலேயே தெரிந்துவிடும். வரலாற்றில் வகுப்பு குறைவு, வாசிப்பு அதிகம். வாசிப்பை யார் அட்டவணையில் போடுகிறார்கள்? பொறியியல் மாணவர்கள் உங்களோடு பேசவில்லை என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். யாரென்றே தெரியாத ஒருவரோடு அவர்கள் என்ன பேச வேண்டும்?

இது உங்களுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. குவாட்ரோன், ஜோன்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் என்ற பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துச் செய்த சோதனை 1980-இல் வெளிவந்தது. ஒரு மாணவன், தனியாகக் காத்திருப்பதா மற்றவர்களோடு சேர்ந்தா என்பது போன்ற சின்ன முடிவு ஒன்றை எடுப்பதைக் காட்டினார்கள். அவன் பக்கத்துப் பல்கலைக்கழகத்தான் என்றால், ‘அங்கே பெரும்பாலோர் அப்படித்தான் செய்வார்கள்’ என்று ஊகிப்பது கூடியது. சொந்தப் பல்கலைக்கழகத்தான் என்றால் அந்த அளவுக்குப் பொதுமைப்படுத்தவில்லை. நம் வீட்டுப் பிள்ளை தூங்கினால் களைப்பு, அடுத்த வீட்டுப் பிள்ளை தூங்கினால் வளர்ப்பு!

குடி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். விடுதிகளில் குடியே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அதே பிரின்ஸ்டனில் பிரென்டிஸ், மில்லர் இருவரும் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். தங்கள் வளாகத்தில் நடக்கும் குடியைப் பற்றி மாணவர்களுக்கு உள்ளூரச் சங்கடம் இருந்தது. மற்றவர்களுக்கு அவ்வளவு சங்கடம் இல்லை என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பருவம் போகப் போக ஆண் மாணவர்கள் தங்கள் கருத்தையே அந்தக் கற்பனை ‘எல்லோரை’யும் நோக்கி நகர்த்திக்கொண்டார்கள். பெண்களிடம் அந்த நகர்வு தென்படவில்லை. ஆக, ‘அங்கே எல்லோரும் குடிப்பார்கள்’ என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பும் பெற்றோர் பிள்ளையை எச்சரிக்கிறார்களா, தயார் செய்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

‘வெறும் எண்’ என்றீர்களே, அதில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு துறையில் பத்து வகுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 300 பேர், மற்ற ஒன்பதில் தலா 20 பேர். மொத்தம் 480, சராசரி 48. விளம்பரக் கையேட்டில் 48 என்றுதான் போடுவார்கள், அதில் பொய்யும் இல்லை. ஆனால் எட்டுப் பேரில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பது அந்த 300 பேர் அரங்கில். கடைசி வரிசைக்கு ஆசிரியர் முகம் கட்டைவிரல் அளவுதான் தெரியும். இதைப் பற்றிக் கேளுங்கள், பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள்: முதல் வருடத்தில் என் மகள் எத்தனை பேரோடு உட்காருவாள், அவள் எழுதும் கட்டுரையை யார் படிப்பார், சந்தேகம் கேட்க எந்த அறைக்கதவைத் தட்டுவாள்? நாள் முழுக்கச் சுற்றியும் இதில் ஒன்றைக்கூட நீங்கள் விசாரித்ததாகக் கடிதத்தில் இல்லை. புல்வெளியைத்தான் விசாரித்திருக்கிறீர்கள்.

சரி, இன்னொரு முறை போவதாக இருந்தால் இரவு பத்து மணிக்கு நூலகத்துப் பக்கம் போங்கள். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பாருங்கள். குனிந்திருக்கும் தலைகளில் எது வரலாறு, எது பொறியியல் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். அடுத்த முறை பெயரோடு.