பழைய ஐரோப்பிய மருத்துவப் படங்களில் மனித உடம்பின் மேல் ராசிகளை வரைந்திருப்பது ஏன்?

இந்தப் படத்துக்கு 'ராசி மனிதன்' என்று பெயர். தலைக்கு மேஷம், கழுத்துக்கு ரிஷபம், நெஞ்சுக்குக் கடகம், இதயத்துக்குச் சிம்மம் என்று இறங்கிப் பாதத்தில் மீனத்தில் முடியும். நம் ஜோதிடத்தின் காலபுருஷனும் கிட்டத்தட்ட இதே வரிசைதான். பிரான்சின் பெரி கோமகனுக்காக 1410-களில் தயாரான பிரார்த்தனை ஏட்டில் அந்த மனிதன் இரண்டு மீன்கள் மேல் நிற்கிறான். அவ்வளவு அழகான படம்!

சரி, காரணம் என்ன? உடம்பை ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு நீர்மங்கள் நடத்துவதாக அன்றைய மருத்துவர்கள் நம்பினார்கள். கடலையே ஏற்றி இறக்கும் நிலா உடம்புக்குள் இருக்கும் நீரை மட்டும் விட்டுவிடுமா என்பது அவர்கள் வாதம். அதனால் நிலா எந்த ராசியில் நிற்கிறதோ, அந்த ராசிக்குரிய உறுப்பில் கத்தி வைக்க மாட்டார்கள், ரத்தமும் எடுக்க மாட்டார்கள். நிலா மிதுனத்தில் இருந்தால் கையைத் தொடுவதில்லை. நிலா ஒரு ராசியைக் கடக்க இரண்டே கால் நாள் ஆகும், அதுவரை நோயாளி காத்திருக்க வேண்டியதுதான்.

நாம் நாள்காட்டியில் ராகுகாலம் பார்த்துவிட்டு வெளியே கிளம்புவது போலத்தான் இதுவும். அவர்களுடைய நாள்காட்டி மடித்த தோல் ஏடு, மருத்துவரின் இடுப்பில் தொங்கும்.

இது போலி வைத்தியர்களின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பொலோனா போன்ற பல்கலைக்கழகங்களில் மருத்துவ மாணவர்கள் ஜோதிடத்தைப் பாடமாகவே படித்தார்கள்.