அம்மா ஏறும் வண்டி

அன்புள்ள அண்ணா,

நான் ரங்கூனில் பிறந்து வளர்ந்தவன். அங்கே 2003 முதல் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் வண்டியைத் தொட்டதே இல்லை. வேலைக்காக மோல்மேன் நகரத்துக்கு வந்த பிறகுதான் பழகினேன். மூன்று மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டேன். கூட வேலை செய்யும் பையன்கள் ஓட்டிக்கொண்டே வெற்றிலை போடுகிறார்கள். அவர்களைப் போல ஓட்ட எத்தனை நாளாகும்?

ஒரு வாசகர், மோல்மேன்

அன்புள்ள தம்பி,

அவர்களைப் போல ஓட்டவே வேண்டாம். இங்கே ஓடும் 125 சிசி மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கிளட்ச் பிடி கிடையாது. இடது கைக்கு வேலையில்லாததால் அது வெற்றிலைக்குப் போகிறது. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதுதான் அந்தக் கையின் அருமை தெரியும்.

எப்படி விழுந்தீர்கள் என்று எழுதவில்லை. மழையில், பின் பிரேக்கை மட்டும் அழுத்தி மிதித்திருப்பீர்கள் என்பது என் ஊகம். பிரேக் போட்டதும் பாரமெல்லாம் முன்னால் போய்விடும். லேசாகிவிட்ட பின்சக்கரம் உருளாமல் வழுக்கும். வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் முன் பிரேக்தான். அதையும் வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் வரவர இறுக்க வேண்டும். முதல் மழையன்று தூசியும் எண்ணெயும் கலந்து ரோடு சோப்பு போட்ட மாதிரி இருக்கும். அன்று மெதுவாகப் போங்கள், போதும்.

கை கால் வேலை ஒரு மாதத்தில் வந்துவிடும். கண்ணுக்குத்தான் நாளாகும். 1970-இல் பர்மாவில் வண்டிகள் ஒரே நாளில் ரோட்டின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. அப்போது நான் சிறுவன், தெருவைக் கடக்கவே பயந்தோம். ரோடு மாறியதே தவிர, பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் இன்னும் வலப்பக்கம்தான். அதாவது டிரைவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமானால் அவருக்கு எதிரே வருவது தெரியாது. காரின் மூக்கை இடப்பக்கம் நீட்டித்தான் பார்க்க வேண்டும். அந்த மூக்குக்கு நேரே நீங்கள் வந்துகொண்டிருப்பீர்கள். ஆகவே எதிரே லாரி வந்தால், அதன் பின்னால் ஒரு கார் இருக்கிறதென்றே வைத்துக்கொண்டு நடுக்கோட்டை விட்டு விலகிவிடுங்கள். நிற்கும் காரிலும் இதே கதை. ரோட்டுப்பக்கம் கதவைத் திறப்பவர் டிரைவர் அல்ல, அவர் பக்கத்தில் இருப்பவர். அவர் எங்கே கண்ணாடி பார்க்கப் போகிறார்! ஒரு கதவு அகலம் இடைவெளி விட்டே கடந்து போங்கள்.

பள்ளத்தையே முறைத்துப் பார்க்கவும் கூடாது. கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும்.

(பர்மியர்கள் மோட்டார் சைக்கிளைத்தான் 'சைங்கே' என்கிறார்கள். மிதிக்கிற சைக்கிளுக்கு வேறு பெயர்.)

நான் பார்த்ததில் நல்ல ஓட்டுநர், எங்கள் தெருமுனையில் நிற்கும் ஒரு 'சைங்கே கேரி'க்காரர், அதாவது வாடகைக்கு ஆள் ஏற்றும் மோட்டார் சைக்கிள்காரர். சந்தைக்கு மற்றவர்கள் பத்து நிமிடத்தில் போனால் அவருக்குப் பதினைந்து ஆகும். அவர் பிரேக் போடுவதே தெரியாது. அவ்வளவு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுவார். என் அம்மா காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவர் முதுகில் சாய்ந்து தூங்கியே வந்திருக்கிறார். அந்த ஓட்டுநர் இல்லாத நாளில் அம்மா நடந்து வருவாரே தவிர, வேறு யார் வண்டியிலும் ஏறமாட்டார். நாற்பது வருடமாக ஓட்டுகிற என் வண்டியிலும்தான்.

அன்புடன்,
அண்ணன்