200 மில்லி வோட்காவும் 400 மில்லி பழச்சாறும் கலந்து வைத்த குச்சி ஐஸ் இரண்டு நாளாகியும் உறையவில்லையா?

வோட்காவை 75 மில்லியாகக் குறைத்து, பழச்சாற்றை 525 மில்லியாக்குங்கள், உறைந்துவிடும். நீங்கள் கலந்த 200-க்கு 400 என்ற அளவில் ஒரு வாரம் வைத்தாலும் கூழ்தான்.

40% வோட்கா என்றால் உங்கள் கலவையில் ஆல்கஹால் 13%-க்கு மேல். முதலில் உறைவது தண்ணீர்தான். ஆல்கஹால் மிச்சத் திரவத்தில் சேர்ந்து செறிவாகிக்கொண்டே போகும். அது மைனஸ் 18 டிகிரியிலும் உறையாது. குச்சியை இழுத்ததும் பனித்துகள்களுக்கு நடுவே பிசுபிசுவென வழிகிறதே, அதுதான் அது. சர்க்கரை அதிகமானாலும் இதே கதை.

ஃப்ரீசர் மேல் சந்தேகமிருந்தால், ஓர் அச்சில் வெறும் தண்ணீர் ஊற்றி வையுங்கள். அது கல்லாக இறுகினால் கோளாறு பெரும்பாலும் கலவையில்தான்.

உறைந்தாலும் ஆல்கஹால் எங்கும் போய்விடாது. முதலில் உருகி வழிவதில்தான் அது அதிகம். குழந்தைகள் சாப்பிடும் குச்சி ஐஸோடு சேர்த்து வைக்கவே வைக்காதீர்கள்.