பணத்தை எடுக்கப் பணம் கட்டாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: இணையச் சூதாட்டத் தளத்தில் ஜெயித்த பணத்தை எப்படிக் கைக்குக் கொண்டுவருவது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலத்தில் இப்படிப்பட்ட கடிதங்கள் கூடிவிடுகின்றன. வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தங்கச்சிமடம் வாசகர்: ஒரு தளத்தில் 1,80,000 ரூபாய் ஜெயித்திருக்கிறேன். எடுக்கப் போனால், 30 சதவீத வருமான வரியான 54,000 ரூபாயை முதலில் அனுப்பினால்தான் பணம் வரும் என்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். 30 சதவீதம் என்ற எண் உண்மை. அதனால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. 2023 ஏப்ரல் முதல் இணைய விளையாட்டில் கிடைக்கும் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. பிடித்தம் என்றால் கொடுக்கிற பணத்திலிருந்து பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது. உங்களிடம் தனியாக வாங்கிக்கொண்டு முழுத் தொகையையும் விடுவிப்பது என்ற முறையே சட்டத்தில் கிடையாது. வருமான வரித்துறை எந்தத் தனிமனிதரின் யுபிஐ முகவரியிலும் வரி வாங்குவதில்லை.

54,000 ரூபாயைக் கட்டினால் அடுத்து 'கணக்குச் சரிபார்ப்பு வைப்புத்தொகை' என்பார்கள், அதற்கும் பிறகு 'தாமத அபராதம்' என்பார்கள். உங்கள் திரையில் தெரியும் 1,80,000 அவர்கள் தட்டச்சு செய்த ஓர் எண். கடலில் கிடக்கும் மீனுக்கு விலை பேசி முன்பணம் கொடுக்க உங்கள் ஊரில் யாராவது சம்மதிப்பார்களா? ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதிய நேரத்தில் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழைத்திருக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

மண்டபம் வாசகர்: பணம் வரவு வைக்க யுபிஐ ரகசிய எண்ணை அழுத்தச் சொல்கிறார்கள்.

ரகசிய எண் பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். வாங்குவதற்கு அது தேவையே இல்லை. அழுத்தாதீர்கள்.

தொண்டி வாசகர்: சேர்ந்தவுடன் 10,000 ரூபாய் போனஸ் கொடுத்தார்கள். அதை எடுக்க '30 மடங்கு விளையாட வேண்டும்' என்று நிபந்தனை. 30 முறை விளையாடினால் போதுமா?

போதாது. நிபந்தனையை ஒழுங்காகப் படிக்காமல் கேட்கிறீர்கள். 30 முறை அல்ல, போனஸ் தொகையின் 30 மடங்கு, அதாவது 3 லட்சம் ரூபாய்க்குப் பந்தயம் வைக்க வேண்டும். ரூலெட் ஆடுவதாக வைத்துக்கொள்வோம்: சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று பந்தயம் வைக்கும் ஆட்டம். ஒரு பூஜ்யம் உள்ள சக்கரத்தில் மொத்தம் 37 குழிகள். ஒரே எண்ணில் வைத்து அது விழுந்தால், வைத்த பணத்தைத் திருப்பித் தந்து அதற்கு மேல் தருவது 35 மடங்கு. இந்த வித்தியாசத்தில் ஒவ்வொரு 100 ரூபாய் பந்தயத்துக்கும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு தளத்தின் பக்கம் போகிறது. 3 லட்சத்துக்கு அது 8,100 ரூபாய். 10,000 ரூபாய் போனஸில் சராசரியாக மிஞ்சுவது 1,900. இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரமாக இருந்தால் 100-க்கு 5 ரூபாய்க்கு மேல் போகும். அப்போது போனஸும் தீர்ந்து உங்கள் கைப்பணமும் கரையும். பல தளங்கள் ரூலெட் பந்தயத்தில் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் சேர்ப்பதாகவும், போனஸிலிருந்து அதிகபட்சம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்றும் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். போனஸ் என்று அவர்கள் தந்தது, உங்களை உட்கார வைக்கும் கூலி.

ராமநாதபுரம் வாசகர்: ஓராண்டில் 40,000 ரூபாய் போட்டு 65,000 எடுத்திருக்கிறேன். வேறொரு தளத்தில் 20,000 போய்விட்டது. 12 லட்சம் வரை வரியில்லை என்கிறார்களே, எனக்கு எதற்கு வரி?

முதல் தளத்தில் உங்கள் நிகர வெற்றி 25,000. அதற்கு 30 சதவீதம் 7,500, மேல்வரியும் சேர்ந்து சுமார் 7,800 ரூபாய். இந்த வருமானத்துக்குத் தனி விகிதம். முதல் ரூபாயிலிருந்தே வரி. அடிப்படை விலக்கு வரம்பும், 12 லட்சம் வரை என்று நீங்கள் கேள்விப்பட்ட தள்ளுபடியும் இதற்குப் பொருந்தாது. இன்னொரு தளத்தில் போன 20,000 ரூபாயைச் சம்பளத்திலோ வியாபாரத்திலோ கழிக்கவும் முடியாது. வெளிநாட்டுத் தளம் பிடித்தம் செய்யவில்லை என்றாலும் கணக்கில் காட்டுவது உங்கள் பொறுப்பு. வரி கட்டிவிட்டதால் அந்த ஆட்டம் சட்டப்படியானதாக ஆகிவிடாது என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

பாம்பன் வாசகி: ஐயா, என் மகன் கைபேசி ஆட்டத்தில் ஜெயித்த 12,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. பத்து நாளில் கணக்கு முடங்கிவிட்டது. தடைக்கால நிவாரணமும் அதில்தான் கிடக்கிறது, எடுக்க முடியவில்லை. மகனின் நண்பன் ஒருவன், வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி அட்டையைக் கொடுத்தால் மாதம் 5,000 தருவதாகச் சொல்கிறான். கொடுக்கலாமா?

அம்மா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். அந்தத் தளங்கள் தங்கள் பெயரில் இருக்கும் கணக்கிலிருந்து பணம் அனுப்புவதில்லை. இங்கே அவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கவும் முடியாது. யாரோ ஓர் ஏழையின் கணக்கை வாடகைக்கு எடுத்து, அதிலிருந்து அனுப்புகிறார்கள். அதே கணக்கில் மோசடியில் பறித்த பணமும் வந்து விழுகிறது. ஏமாந்தவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் 1930-க்குப் புகார் செய்வார். அந்தப் பணம் போன தடத்தை வங்கிகள் ஒவ்வொரு கணக்காகத் தொடர்ந்து வரும். தடத்தில் உங்கள் கணக்கும் இருக்கிறது. உங்கள் மகன் ஜெயித்ததாக நினைக்கும் 12,000, இன்னொரு வீட்டில் அழுதுகொண்டிருக்கும் ஒருவருடைய பணமாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். வங்கிக் கிளைக்குப் போய் மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: புகார் எண், எந்த ஊர்க் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்குத் தடை. 'மேலிருந்து வந்தது' என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். சந்தேகத் தொகைக்கு மட்டும் தடை போட்டால் போதும், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. 12,000 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொண்டு நிவாரணத்தை விடுவியுங்கள் என்று கிளை மேலாளருக்கும், புகார் பதிவான காவல் நிலையத்துக்கும் மனு எழுதுங்கள். பணம் எப்படி வந்தது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மகனைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கருவாடு விற்ற பணம் என்று எழுதினால் சிக்கல் இரட்டிப்பாகும். அவர்கள் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் விடுவிப்பு மனு போடலாம். வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லை என்றால் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். பெண்களுக்கு அங்கே இலவச உதவி பெற உரிமை உண்டு.

கணக்கை வாடகைக்கு விடும் விஷயத்தை இத்தனை கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தும் அறிவிப்பு 2023-ல் நம் மண்டபம் ஊரில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அந்த 8,000 நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. பாசி எடுக்கும் பெண்களுக்கு மகளிர் குழுக் கடன் கணக்கில் வருகிறது. முதியோர் உதவித்தொகை, எரிவாயு மானியம் எல்லாம் கணக்கில். கடற்கரைக் குடும்பத்துக்கு வங்கிக் கணக்கு என்பது படகு மாதிரி, அது ஓடினால்தான் அடுப்பு எரியும். அதைத்தான் 5,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள்: பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, காசோலைப் புத்தகம், உங்கள் பெயரில் ஒரு சிம். கொடுத்த பிறகு அதில் 50 லட்சம் ஓடினாலும் உங்களுக்குத் தெரியாது. காவல்துறை தேடி வருவது ஆவணத்தில் பெயர் இருப்பவரைத்தான். வாங்கிக்கொண்டு போன பையனின் எண் அன்றைக்கு அணைந்திருக்கும். சட்டை கிழிந்த நிலையில் வேறு மாநிலக் காவல் நிலையத்தில் நின்ற மீனவரின் குடும்பத்துக்காக நானே மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு அந்தக் கணக்கிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு மாத வாடகை.

கணக்கைக் கொடுக்காதீர்கள். நண்பனுக்கும் கொடுக்காதீர்கள், மைத்துனனுக்கும் கொடுக்காதீர்கள்.

கீழக்கரை வாசகர்: மகன் துபாயில் இருக்கிறான். அங்கே ஆடி ஜெயித்த பணத்தை எனது கணக்குக்கு யாரோ ஒருவர் மூலம் அனுப்புவதாகச் சொல்கிறான்.

'யாரோ ஒருவர்' என்ற சொல்லிலேயே நின்றுவிடுங்கள். மேலே பாம்பன் அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். வளைகுடா நாடுகளில் அனுமதியற்ற சூதாட்டம் குற்றம். பிடிபட்டால் வேலையும் விசாவும் போகும். இதை இன்றே மகனிடம் சொல்லுங்கள்.

சாயல்குடி வாசகர்: ரூபாயாக வராது, டாலர் கிரிப்டோவாக வாங்கிக்கொள் என்கிறார்கள். அது பாதுகாப்பா?

இல்லை. அதை ரூபாயாக்க முன்பின் தெரியாத ஒருவரிடம் விற்பீர்கள். அவர் அனுப்பும் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. உங்கள் கணக்கும் முடங்கும். கிரிப்டோவில் கிடைக்கும் லாபத்துக்கும் 30 சதவீத வரி உண்டு.

பெயர், ஊர் இல்லாத கடிதம்: பணம் வரவில்லை. என்ன செய்வது?

எந்தத் தளம், என்ன தேதி, எவ்வளவு தொகை, என்ன பதில் சொன்னார்கள், ஒன்றையும் எழுதவில்லை. பணம் போட்டதற்கான சான்று, உரையாடல், திரைப் பதிவுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். இடையில் எடுப்பதற்குக் கட்டணம் கேட்டால் கட்டாதீர்கள்.

தேவிபட்டினம் வாசகர்: ஒழுங்காகப் பணம் தரும் தளம் ஒன்றின் பெயர் சொல்லுங்களேன்.

சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். 2023-ல் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அந்தத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது; ரூலெட்டுக்கும் ஸ்லாட் எனும் சுழல் இயந்திரத்துக்கும் அந்த விலக்கு இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையே தடை செய்கிறது. அவற்றுக்குப் பணப் பரிமாற்றம் செய்து தருவதும் குற்றம். சட்டம் தடுத்ததை நடத்துபவனிடம் நாணயத்தை எதிர்பார்த்துக் கேட்கிறீர்கள்.

முதுகுளத்தூர் வாசகர்: கடற்கரைக்காரன் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். தர மறுக்கும் தளத்தின் மேல் வழக்குப் போட்டு வாங்கலாமா?

முடியாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் ஜெயித்ததை வசூலிக்க வழக்குத் தொடர முடியாது. மோசடி செய்து உங்களிடம் பறித்த பணம் என்றால் அது வேறு; அதற்குக் காவல்துறையில் புகார் உண்டு.

மூக்கையூர் வாசகர்: 2025 ஆகஸ்டுக்கு முன் ஓர் இந்திய நிறுவனத்தின் ரம்மிச் செயலியில் போட்ட 3,400 ரூபாய் அப்படியே கிடக்கிறது.

அப்போது பெரிய இந்திய நிறுவனங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மீதி இருப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லின. செயலிக்குள்ளேயே எடுக்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்; ஆதார், பான் சரிபார்ப்பைக் கேட்கும். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'வாடிக்கையாளர் சேவை' எண்ணை மட்டும் அழைக்காதீர்கள், அவற்றில் போலிகள் ஏராளம். பணத்தை எடுக்க ஒரு ரூபாய் கேட்டாலும் விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

ராமேஸ்வரம் வாசகி: கணவர் விட்டதைப் பிடிக்கிறேன் என்று படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கி ஆடுகிறார். இரவெல்லாம் தூங்குவதில்லை.

இது பணக் கேள்வி இல்லை அம்மா, நோய். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை இரவும் பகலும் கிடைக்கும், தமிழிலும் பேசலாம். முதலில் நீங்கள் பேசுங்கள், பிறகு அவரைப் பேச வையுங்கள். குழுக் கடனும் நிவாரணமும் வரும் கணக்கின் அட்டை, ரகசிய எண் இரண்டையும் இன்றே மாற்றி உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இனி அவருக்கு முன்பணம் தர வேண்டாம் என்று முதலாளியிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்.